பூண்டு வயலுக்குக் குடிபோன ரோஜா

உங்களுக்குக் கொடுத்திருக்கும் பயிற்சிக் கையேட்டை நான் படித்திருக்கிறேன். அதில் செடிகளை இடம் மாற்றி நடுவது பற்றிய அத்தியாயத்தை எழுதியதே நான்தான். ஆகவே அதைக் குறை சொல்லும் உரிமை எனக்கு உண்டு. வேர்க்கட்டு எவ்வளவு அகலம், குழி எவ்வளவு ஆழம், எருவும் மண்ணும் எந்த அளவில் கலக்க வேண்டும், எல்லாம் அதில் இருக்கிறது. சரியாகவும் இருக்கிறது. ஆனால் செடிக்குச் சொந்தக்காரி குழியின் விளிம்பில் நின்று உங்களைத் திட்டிக்கொண்டிருக்கும்போது என்ன செய்ய வேண்டும் என்று அதில் ஒரு வரி இல்லை. ஜேசிபி ஓட்டுநர் இயந்திரத்தை அணைக்காமல் கைப்பேசியில் மணி பார்க்கும்போது என்ன செய்ய வேண்டும் என்றும் இல்லை. இரண்டையும் நான் எழுதித்தான் கொடுத்தேன். அச்சுக்குப் போகும் வழியில் மேலதிகாரி ஒருவர் "நடைமுறைக்குப் பொருந்தாது" என்று எடுத்துவிட்டார். நடைமுறையை அவர் மாடி அறையின் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்துப் பழகியவர்.

பணிக்காலத்தின் பெரும்பகுதியை இந்த மலையில் தோட்டக்கலை அலுவலராகக் கழித்தேன். ஓய்வு பெற்ற பிறகு, புதிதாக வருகிறவர்களிடம் நாலு வார்த்தை பேசச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். பொன்னாடை போர்த்துகிறார்கள். பொன்னாடை வாங்கிக்கொண்டால் வெற்றிக் கதை சொல்லியாக வேண்டும். நல்லவேளையாக என்னிடம் ஒன்று இருக்கிறது. ஏக்கர் கணக்கில் சாகுபடி, ஏற்றுமதி என்றெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். ஒரே ஒரு ரோஜாச்செடி. என் பணிக்காலத்தில் நான் மிகவும் பயந்ததும் அந்தச் செடிக்குத்தான், அதிகம் மகிழ்ந்ததும் அதனால்தான்.

செடி இருந்தது பூண்டிக்கு அப்பால், பஸ் திரும்பும் இடத்தையும் தாண்டியுள்ள ஒரு சிற்றூரில். சொந்தக்காரி பழனியம்மாள், பூண்டு விவசாயி, கிட்டத்தட்ட என் வயது. கணவர் வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவர். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு மூட்டைகளோடு போவதும் வருவதுமாக இருப்பார். வயலும் வாயும் பழனியம்மாளுடையவை.

அந்த ஊரில் ஒரு முருகன் கோயில். சிலை கிடையாது, ஒரு வேல்தான். பங்குனி உத்திரத்தன்று அந்த வேலுக்கு முதலில் வைக்கும் பூ, பழனியம்மாள் வீட்டு வாசலில் நின்ற பன்னீர் ரோஜாவிலிருந்து போக வேண்டும். பூவை வைக்கும்போது பூசாரி அந்தச் செடிக்கு உரியவரின் பெயரை உரக்கச் சொல்வார். அவ்வளவுதான் மரியாதை. தட்டில் வைத்துத் தர அதில் எதுவும் இல்லை.

ஆனால் இதைக் கேளுங்கள். காப்புக் கட்டுவது, முதல் திருநீறு வாங்குவது, தேரின் வடத்தைத் தொட்டுக் கொடுப்பது என்று அந்தக் கோயிலின் மற்ற மரியாதைகள் எல்லாம் ஆண் வழியில் போகிறவை. பழனியம்மாளின் அப்பாவுக்கு மகன் கிடையாது. அவர் காலமானதும் அவை அத்தனையும் அவருடைய தம்பி மகன் தண்டபாணியிடம் போய்விட்டன. பூ மட்டும் செடியோடு நின்றுவிட்டது. செடி பழனியம்மாள் வாசலில் நின்றது. வருடம் முழுக்க அந்தக் கோயிலில் ஒரு பெண்ணின் பெயர் சொல்லப்படும் ஒரே கணம் அந்தச் செடியின் கணுக்களில் இருந்தது. நாம் செடியைப் பார்க்கும்போது இலையைப் பார்க்கிறோம், பூச்சியைப் பார்க்கிறோம். அது யாருடைய எதைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது என்று கேட்பதில்லை. கேளுங்கள். அதன் பிறகுதான் எவ்வளவு துணிச்சலாக வெட்டலாம் என்பது தெரியும்.

சாலையை அகலப்படுத்த வந்தார்கள். குறி போட்ட கோட்டுக்குள் செடி அகப்பட்டது. கையேட்டின்படி இடம் மாற்றப்போகும் செடிக்கு முன்கூட்டியே சுற்றிலும் வேரை வெட்டி, புதுவேர் விட அவகாசம் கொடுக்க வேண்டும். எனக்குக் கிடைத்த அவகாசம் பழனியம்மாளின் ஒரு கைப்பேசி அழைப்பு.

"பூ ஆபீசரம்மாதானே? வெரசா வாங்க. மெசின் வந்து வாசல்ல நிக்குது."

மார்கழி மாதம். வரப்புப் புல்லின் மேல் வெள்ளைப் பனி இன்னும் உருகாமல் கிடந்தது. நான் போனபோது பழனியம்மாள் ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு, செடிக்கும் ஜேசிபிக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தார். செடி அவர் தலைக்கு மேல் இன்னொரு ஆள் உயரம் இருந்தது. ஊரில் பாதி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.

"அக்கா, நீங்க எந்திரிச்சாத்தானே என் சோலி நடக்கும்" என்றார் ஓட்டுநர்.

"ஒன் சோலி நடந்தா என் சோலி முடிஞ்சுரும்லே. பேசாம டீயக் குடி."

நான் போனதும் செடியின் அடியைத்தான் பார்த்தேன். ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "இது ஒட்டுச் செடியா, குச்சி நட்டு வந்ததா?"

"எங்கப்பா மன்னவனூர்லருந்து ஒடிச்சாந்து ஊனின குச்சி."

எனக்குப் பாதி உயிர் வந்தது. ஒட்டுச் செடியாக இருந்தால் கீழே இருப்பது காட்டு ரோஜா, மேலே இருப்பதுதான் நல்ல ரோஜா. மேலே உள்ளது பட்டுப்போனால் கீழிருந்து துளிர்ப்பது வேறு செடி. குச்சியிலிருந்து வந்தது என்றால் தலையிலிருந்து வேர் வரை ஒரே ஆள். எங்கிருந்து துளிர்த்தாலும் அதே பூதான். ஆகவே எவ்வளவு கீழேயும் வெட்டலாம்.

"முழங்கால் உயரம் விட்டுட்டு மிச்சத்தை வெட்டணும்" என்றேன்.

பழனியம்மாள் கூடையிலிருந்து எழுந்துவிட்டார். ஜேசிபியால் முடியாததை நான் முடித்துவிட்டேன்.

"என்னது? தூக்கி நட ஒங்களக் கூப்பிட்டேனா, தலைய எடுக்கக் கூப்பிட்டேனா? இதுக்கு அந்த மெசினே பரவாயில்லையே!"

கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "விடுக்கா. ஆபீசரம்மா வெட்டினா கவர்மெண்ட் வெட்டு. மேல்முறையீடு கெடையாது." அதுதான் தண்டபாணி. கல்யாணம், திருவிழா எல்லாவற்றுக்கும் மைக்செட் வாடகைக்கு விடுகிறவர். ஒலிபெருக்கி இல்லாமலே நாலு தெருவுக்குக் கேட்கிற தொண்டை. செடி போனால் பூ மரியாதையும் அவர் பக்கம் வந்துவிடும் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். அதற்காக அவர் அக்காவுக்குக் கெடுதல் நினைக்கவில்லை. செடிக்குத்தான் நினைத்தார்.

"ஏலே தண்டபாணி, ஒன் வாய வெட்டச் சொன்னா நானே கத்தரி எடுத்துக் குடுப்பேன்" என்றார் பழனியம்மாள்.

இந்த இடத்தில் புதியவர்கள் வழக்கமாக விளக்கம் சொல்லத் தொடங்குவார்கள். தோண்டும்போது வேரில் பாதி அறுந்துபோகும், மீதி வேரால் இவ்வளவு கிளைக்கும் தண்ணீர் கொடுக்க முடியாது என்று சொல்வார்கள். அழுகிறவர்களிடம் நீரியல் பேசாதீர்கள். நான் சொன்னது இவ்வளவுதான். "பாதிக் கூலியாளை வச்சுக்கிட்டு முழு வயலையும் வெள்ளாமை பண்ணுவீங்களா?"

அவர் செடியைப் பார்த்தார். ஓட்டுநரைப் பார்த்தார். "மாட்டேன். கால்வாசி வயல்தான் போடுவேன்" என்றார்.

"அதைத்தான் நானும் செய்யப்போறேன்."

வெட்டினேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. ஒவ்வொரு கிளை விழும்போதும் என் பெயருக்கு முன்னால் ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டார். அவை கையேட்டில் சேர்க்கத் தகுந்தவை அல்ல.

அடுத்து தோண்ட வேண்டும். மண்வெட்டியால் தோண்டினால் பொழுது சாய்ந்துவிடும். ஓட்டுநருக்கு அதுவரை பொறுமை இருக்காது. நான் ஓட்டுநரிடமே போனேன். "தம்பி, செடியச் சுத்தி ரெண்டு முழம் தள்ளி உங்க வாளியை இறக்கி, மண்ணோட சேர்த்து அப்படியே அள்ள முடியுமா? எல்லாராலும் முடியாதுன்னு சொல்றாங்க."

"யாரு சொன்னா? கொழந்தையத் தூக்குற மாதிரி தூக்குறேன், பாருங்க."

தூக்கினார். ஒரு பக்கம் மண் உதிர்ந்தாலும் பெரும்பாலான வேர் மண்ணோடு வந்தது. செடியை இடிக்க வந்த இயந்திரமே அதைச் சுமந்துகொண்டு போனதைப் பார்த்து ஊர் கைதட்டியது. அவ்வளவு நேரமும் எதிரே நின்ற ஆள், செடியை இறக்கி வைத்துவிட்டு, அதற்குப் பக்கத்தில் நின்று தற்படம் எடுத்துக்கொண்டார்.

எங்கே நடுவது என்பதில் அடுத்த சண்டை. வீட்டுக்குப் பின்னால், சுவரை ஒட்டி, பார்வையிலேயே இருக்கட்டும் என்றார் பழனியம்மாள். அங்கே மத்தியானத்துக்குப் பிறகு வெயில் கிடையாது. நான் வீட்டுக்குக் கீழே இருந்த அடுக்கு வயலின் கடைசியைக் காட்டினேன். நாள் முழுக்க வெயில் விழும், மழைத்தண்ணீர் தேங்காமல் வடியும். ஆனால் அது பூண்டு வயல்.

"ரோசாவக் கொண்டுபோய்ப் பூண்டுக்குள்ள வைக்கவா?"

"பூண்டு கோபிச்சுக்காது" என்றேன்.

அப்படித்தான் ரோஜா பூண்டு வயலுக்குக் குடிபோனது.

அந்தப் பங்குனிக்குச் செடியில் இலைதான் இருந்தது, முளைக்கீரை அளவுக்கு. ஊர்க்கூட்டம் போட்டார்கள். முதல் பூவாகக் கடையில் வாங்கிய செவ்வந்தியை வைத்து அந்த வருடத்தைக் கழித்தார்கள். யாருடைய பெயரும் சொல்லப்படவில்லை. அடுத்த உத்திரத்துக்குப் பூத்தால் பழையபடி பழனியம்மாளுக்கு, பூக்காவிட்டால் மரியாதை தண்டபாணிக்கு என்று பேசி முடித்தார்கள். தண்டபாணி மறுநாளே ஒட்டன்சத்திரத்திலிருந்து ஓர் ஒட்டு ரோஜாவைத் தொட்டியோடு வாங்கி வந்து வாசலில் வைத்தார். ரத்தச் சிவப்பு. அதற்கு வாசனை இல்லை என்று யாரோ சொன்னதற்கு, "வாசனைக்கு ஊதுவத்தி வச்சிக்கலாம்" என்றாராம்.

நடுவில் ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கப்பட்டது. ஊர் இளைஞர்கள் செடியைக் காப்பாற்ற என்று தொடங்கியது. என்னையும் சேர்த்தார்கள். வாழைப்பழத் தோல் போடுங்கள், முட்டை ஓடு போடுங்கள், தேயிலைச் சக்கை போடுங்கள், பழைய சோற்றுத் தண்ணீர் ஊற்றுங்கள். எதையும் போடாதீர்கள் என்று பழனியம்மாளிடம் சொல்லிவைத்தேன். திருப்பூரிலிருந்து ஒருவர், செடியிடம் தினமும் பேசச் சொன்னார். பழனியம்மாள் அதற்கு மட்டும் பதில் போட்டார், குரல் செய்தியாக. "நான் பேசினா அது பூக்காது, ஓடிப்போயிரும்."

கார்த்திகை மழை ஓய்ந்த ஒரு நாள் அவர் என்னிடம் பேசியபோது குரலில் பெருமை இருந்தது. "ஆபீசரம்மா, செடி என்னைய விட ஒசரம். எல கருகருன்னு கெடக்கு." மகிழ்ச்சியாக இருந்தது. பூ என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை என்பதை நான் கவனித்தேன். கேட்டேன். "அது வரும்ல?" என்றார்.

தை பிறந்ததும் சக அலுவலர் ஒருவரோடு நேரில் போனேன். செடி உண்மையிலேயே கம்பீரமாக இருந்தது. மூங்கில் மாதிரி நீள நீளமாகக் கிளைகள், பளபளக்கும் இலைகள். மொட்டு என்று சொல்ல ஒன்று கூட இல்லை. வெயிலுக்குக் குறைவில்லை, வடிகாலில் பழுதில்லை, நோயில்லை, பூச்சியில்லை. என் அத்தியாயத்தின் எல்லா வரிகளும் பின்பற்றப்பட்டிருந்தன. தேர்வில் முழு மதிப்பெண் வாங்கிவிட்டு வேலை கிடைக்காத பையனைப் போல அது நின்றது.

மேல் பாதையில் போன தண்டபாணி வண்டியை நிறுத்தினார். "அக்கா, கீரை கட்டு என்ன வெல?"

பழனியம்மாள் குனிந்து பூண்டுக்குள் களை பிடுங்கத் தொடங்கினார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவர் தண்டபாணிக்குப் பதில் சொல்லாமல் விட்டதைப் பார்த்தேன்.

"இதுக்கு என்ன போடுறீங்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமே போடல. நீங்கதான் ஒண்ணும் போடக் கூடாதுன்னீங்களே."

"பொய் சொல்லாதீங்க."

"வேல் மேல சத்தியமா ஒண்ணும் போடல!"

அவர் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரிந்தது. இலையைப் பார்த்தால் அதுவும் பொய் சொல்லவில்லை. இரண்டு பேரும் உண்மை சொன்னால் மூன்றாவதாக ஒன்று நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். இந்த மாதிரி நேரத்தில் இன்னொரு கேள்வி கேட்காதீர்கள். நான் வரப்பில் உட்கார்ந்து, "உங்க வேலையப் பாருங்க, நான் கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போறேன்" என்றேன்.

அவர் இடுப்பில் உரக்கூடையை வைத்துக்கொண்டு பூண்டுக்கு உரம் தூவத் தொடங்கினார். மேல்முனையிலிருந்து ஒரு வரிசை பிடித்து, பிடி பிடியாக வீசிக்கொண்டு கீழே வந்தார். வரிசை முடிந்த இடத்தில் ரோஜா. கையில் மிச்சம் இருந்ததை, நடையை நிறுத்தாமல், ரோஜாவின் அடியில் உதறிவிட்டுத் திரும்பினார். அடுத்த வரிசை. மறுபடியும் மிச்சம், மறுபடியும் உதறல். ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் கை தானாகத் திறந்தது. அவர் அந்தப் பக்கம் பார்க்கக்கூட இல்லை.

பூண்டு விவசாயிக்குத் தீனி போடுவதுதான் பாசம். கோழி எரு, மூட்டை உரம், எதுவானாலும் வயிறாரப் போட வேண்டும். பூண்டு அதைப் பெற்றுக்கொண்டு கீழே பருக்கும். ரோஜா பெற்றுக்கொண்டு மேலே வளரும். சாப்பாடு இவ்வளவு தாராளமாகக் கிடைக்கும் வீட்டில் அது எதற்காகப் பூத்து, காய்த்து, அடுத்த தலைமுறை பற்றிக் கவலைப்பட வேண்டும்?

சொன்னேன். அவர் கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தன் கையையே பார்த்தார். "என் கையா?"

"உங்க கைதான்."

"பெத்த புள்ளைக்கும் மிச்சத்தப் போடுறதில்லையாங்க? பக்கத்துல நிக்குதே, அது பாத்துக்கிட்டு நிக்கணுமா?"

இனிமேல் போடாதீர்கள் என்று சொல்லியிருக்கலாம். அவரும் சரி என்றிருப்பார். கை கேட்டிருக்காது. நான் வேறொன்று சொன்னேன். "இனிமே கீழிருந்து ஆரம்பிங்க. ரோஜாவுக்கு முதுகைக் காட்டி நின்னு தூவிக்கிட்டே மேல போங்க. மிச்சத்தை மேல்வரப்புல உதறுங்க." ஆளை மாற்ற முயற்சி செய்யாதீர்கள், தோழர்களே. நடக்கிற திசையை மாற்றுங்கள். என் மொத்தப் பணிக்காலத்தில் நான் கொடுத்த ஆலோசனைகளில் முழுமையாகப் பின்பற்றப்பட்டது அது ஒன்றுதான்.

தீனியை நிறுத்தியாயிற்று. ஆனால் நின்றிருந்த கிளைகளை என்ன செய்வது? இப்போது கத்தரித்தால் அது துளிர்த்து, வளர்ந்து, மொட்டு விடுவதற்குள் இந்தக் குளிரில் உத்திரம் கடந்துவிடும். கத்தரிக்காமல் விட்டால் நுனி மேலே போய்க்கொண்டே இருக்கும். என்னோடு வந்திருந்த சக அலுவலர், வளர்ச்சியை அடக்கும் மருந்து தெளிக்கலாம் என்றார். புத்தகப்படி சரி. ஆனால் வேலில் வைத்த பூவை எடுத்து அந்த ஊர்ப் பெண்கள் தலையில் வைப்பார்கள், இதழைப் பிரசாதமாக வாயில் போடுவார்கள். மருந்து வேண்டாம் என்றேன்.

"வளைச்சுப் படுக்க வைப்போம்" என்றேன்.

இது புதிதாக நான் கண்டுபிடித்ததல்ல. நிமிர்ந்து நிற்கும் கிளையில் உச்சி மொட்டு எல்லாவற்றையும் தனக்கே இழுத்துக்கொள்ளும். கீழே உள்ள கணுக்கள் தூங்கும். கிளையைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்தால் யாருக்கும் உச்சி என்ற பதவி கிடையாது. எல்லாக் கணுவும் விழித்துக்கொள்ளும். ஒவ்வொன்றிலிருந்தும் சிறு கிளை வந்து நுனியில் பூக்கும். அலுவலகங்களிலும் இதைச் செய்து பார்க்க எனக்கு நெடுநாள் ஆசை.

மறுநாள் மத்தியானம் வருகிறேன், வெயிலில் கிளை தளர்ந்த பிறகு வளைக்கலாம், அதுவரை தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் நான் போனபோது பழனியம்மாள் வரப்பில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். இருந்ததிலேயே பருத்த கிளை அடியோடு முறிந்து கிடந்தது.

"வெள்ளனே வந்து வெரசா முடிச்சிரலாம்னு பாத்தேன்" என்றார். "மடார்னு போச்சு."

பனி விழுந்த காலையில் கிளை கண்ணாடி மாதிரி இருக்கும். அது அவருக்கும் இப்போது தெரிந்திருந்தது. திட்டினால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். செடிக்கு அதனால் ஒரு பயனும் இருந்திருக்காது. முறிந்த இடத்தை வழவழப்பாக அறுத்துவிட்டு, "கெழவன் போனான், வாலிபப் பசங்க இருக்காங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

மீதிக் கிளைகளில் எவை இளசு என்று விரலால் அழுத்திப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். வெயில் நன்றாக ஏறட்டும் என்று காத்திருந்தோம். பிறகு அவர் ஒரு முனையைப் பிடிக்க, நான் அடியைப் பிடிக்க, கொஞ்சம் கொஞ்சமாக வளைத்தோம். கிளை முனகும். நிறுத்துவோம். மறுபடி வளைப்போம். சாக்குக் கயிற்றால் கட்டி, கயிற்றின் மறுமுனையைக் கல்லில் கட்டினோம். ஆனால் எல்லாக் கிளைகளையும் அன்றைக்கு வளைக்கவில்லை. பாதியைத்தான் வளைத்தேன். மற்றவற்றை அடுத்தடுத்த வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக வளைக்கச் சொன்னேன். பன்னீர் ரோஜா விரிந்தால் அதிகம் தங்காது. வானிலை எப்படிப் போகும் என்று யாரால் சொல்ல முடியும்? முன்னால் பூத்து உதிர்ந்தாலும் போச்சு, பின்னால் பூத்தாலும் போச்சு. ஒரே தேதிக்கு எல்லாக் கிளையையும் பந்தயம் கட்டாதீர்கள்.

ஊர் சிரித்தது. ஆள் உயரச் செடியை ஆட்டைக் கட்டுவது போலக் கல்லில் கட்டிப் போட்டிருப்பதைப் பார்க்க மேல் பாதையில் ஆள்கள் நின்றார்கள். தண்டபாணி படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார். "ஓடிப்போயிரும்னு கட்டி வச்சிருக்கு" என்று எழுதியிருந்தார். சிரிப்புப் பொம்மைகள் வந்து குவிந்தன. பழனியம்மாள் குழுவை விட்டு வெளியேறினார். நான் வெளியேறவில்லை. அரசு ஊழியருக்குத் தோல் தடிமன்.

மாசி முடிவதற்குள் அவர் கூப்பிட்டார்.

"என்னம்மா?"

"வரிசையா... வரிசையா வந்துருக்குங்க. பூண்டு மொளச்ச மாதிரி."

போய்ப் பார்த்தேன். படுத்திருந்த கிளைகளின் முதுகு நெடுக, கணுவுக்குக் கணு, செங்குத்தாகச் சிறுகிளைகள். ஒவ்வொன்றின் நுனியிலும் பச்சை மொட்டு. பின்னால் வளைத்த கிளைகளில் அப்போதுதான் கண் திறந்திருந்தது. ஒன்று விடாமல் எண்ணினேன், நம்பிக்கை வராமல் மறுபடியும் எண்ணினேன்.

பங்குனியில் திடீரென்று வெயில் கூடியது. முதலில் வளைத்த கிளைகள் அவசரப்பட்டு, உத்திரத்துக்கு முந்தின வாரமே பூத்துத் தள்ளின. வயல் முழுக்கப் பன்னீர் வாசனை. அறுவடைக்கு வந்த பெண்கள் வேலையை விட்டுவிட்டு வரப்பிலேயே நின்றார்கள். உத்திரத்துக்குள் அவை பெரும்பாலும் உதிர்ந்துவிட்டன. பழனியம்மாள் பதறவில்லை. அடுத்த வரிசை மொட்டு நிறம் காட்டிக்கொண்டிருப்பதை அவர் என்னைவிட முன்னால் பார்த்திருந்தார்.

உத்திரத்தன்று காலை என்னையும் அழைத்திருந்தார்கள். பழனியம்மாள் வெண்கலத் தட்டு நிறையப் பூவோடு வயலிலிருந்து ஏறி வந்தார். முன்னால் மேளம். கோயில் வாசலில் தண்டபாணி மைக்செட் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார், வெள்ளை வேட்டி, முதல் திருநீறு நெற்றியில். கடைசியாக ஒரு முயற்சி செய்து பார்த்தார்.

"பெரியவுக எல்லாம் இருக்கீக, ஒரு வார்த்த கேக்குறேன். வாசல்ல நின்ன செடியில பூத்தாத்தானே மரியாத? இது வயலுக்குள்ள படுத்துக் கெடக்கு. படுத்துக் கெடக்கிற செடி பூத்தா கணக்குல சேருமா?"

பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பழனியம்மாளின் தட்டு அசையாமல் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. இடம் மாற்றி நட்ட செடியின் சட்டப்பூர்வ நிலை பற்றி எனக்குப் பேசத் தெரியும். ஆனால் அது என் இடமல்ல. எப்போது பேசாமல் இருக்க வேண்டும் என்பதும் தொழில்தான்.

பூசாரி தட்டிலிருந்து ஒரு பூவை எடுத்து முகர்ந்தார். "பூவு அதே பூவு" என்றார். பிறகு தண்டபாணியைப் பார்த்தார். "முருகன் ஒங்கிட்ட வந்து கேட்டாரா, நின்னுக்கிட்டுப் பூத்துச்சா படுத்துக்கிட்டுப் பூத்துச்சான்னு?"

கூட்டம் வாய்விட்டுச் சிரித்தது. தண்டபாணியும் சிரித்துவிட்டார்.

பூசாரி பூவை வேலின் இலைக்கும் தண்டுக்கும் நடுவே செருகினார். மைக்கைப் பிடித்தார். "முதப் பூவு, பழனியம்மாள் உபயம்!" என்றார். அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கி கரகரத்தது. பெயரில் பாதி கேட்டது, பாதி கேட்கவில்லை.

பழனியம்மாள் கும்பிட்ட கையை இறக்காமலே தலையை மட்டும் திருப்பினார். "ஏலே தண்டபாணி, பெட்டி கரகரங்குது. ஒருத்தருக்கும் கேட்டிருக்காது."

தண்டபாணி குனிந்தார். ஒயரைப் பிடுங்கி மறுபடி செருகினார். ஒலியைக் கூட்டினார். இன்னும் கூட்டினார். நிமிர்ந்து, அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, குமிழைக் கடைசி வரை திருகினார்.

"இப்ப சொல்லுங்க பூசாரி" என்றார். "கீழ வயல் வரைக்கும் கேக்கட்டும்."

பூசாரி மறுபடியும் சொன்னார்.